தரையில் இல்லாத கோடு

பெட்டியைப் பிரித்தால் ரோபோவுக்கு மேலே ஒரு குட்டிப் புத்தகம் இருக்கும். பல மொழிகளில் அச்சடித்திருப்பார்கள். சிலதில் தமிழும் இருக்கும். ஆனால் அந்தத் தமிழைப் படித்தால் நமக்குத் தெரிந்த தமிழும் மறந்துவிடும். தாழ்நில உணரியின் மேற்பரப்பைத் தூசற்ற நிலையில் பேணவும் என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கும். காஞ்சிபுரத்தில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலையே அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதில் இருப்பதை வாயால் சொல்வதுதான். தரையைப் பெருக்கித் துடைக்கும் வட்ட ரோபோவை யார் வாங்கினாலும் அவர்கள் வீட்டுக்கு என் ஸ்கூட்டியில் போவேன். அதை ஓடவிட்டுக் காட்டுவேன். அது எப்படிப் பார்க்கிறது, எங்கே நிற்கும், எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வருவேன்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் ஆள் இல்லை நான். கடையில் என்னோடு இருக்கும் பையன்கள் எல்லாரும் டிப்ளமோ படித்தவர்கள். சென்சார், லேசர், பாஸ்கல் என்று அடுக்குவார்கள். கேட்கிறவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, மறுநாள் கடைக்கு போன் போட்டு மெஷின் கட்டிலுக்கடியில் போய் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது என்பார்கள். அதனால் மேனேஜர் என்னை அனுப்ப ஆரம்பித்தார். நான் போன வீட்டிலிருந்து மறுநாள் போன் வந்ததில்லை.

என் வழி ஒன்றுதான். உள்ளே போனதும் வாயைத் திறக்க மாட்டேன். வீட்டைப் பார்ப்பேன். இந்த வீட்டில் இவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்ப்பேன். அவர்களுக்குத் தெரிந்ததை எடுத்துத்தான் தெரியாததைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்த பிள்ளையார்பாளையத்தில் இது எனக்கு ரொம்பச் சுலபம். அங்கே பாதி வீட்டுக் கூடத்தில் தறிக்குழி இருக்கும். மெஷின் அதில் விழுந்துவிடாதா என்பதுதான் முதல் கேள்வி. கரண்ட் போன நேரத்தில் நாம் எப்படி நடப்போம், ஒரு காலை முன்னே நீட்டித் தரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தானே அடுத்த காலை வைப்போம், இதுவும் அப்படித்தான், காலுக்குப் பதில் வெளிச்சத்தைக் கீழே விட்டுப் பார்க்கிறது, போன வெளிச்சம் திரும்பி வரவில்லை என்றால் பள்ளம் என்று பின்வாங்கிவிடும் என்பேன். குழியோரம் கொண்டுபோய் விட்டும் காட்டுவேன். வந்த வேகத்தில் நின்று, முனகி, திரும்பும். கூட்டம் கைதட்டும். கறுப்புத் தரை வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதனால் கறுப்பு டைல்ஸைப் பார்த்தாலும் பள்ளம் என்று பயந்து நிற்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். பட்டு நூல் துண்டு பிரஷ்ஷில் சுற்றிக்கொள்ளும், தறி இருக்கும் அறையில் விடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுவேன். வாலாஜாபாத்தில் அரிசி ஆலைக்காரர் ஒருவர் உறிஞ்சும் சக்தி எவ்வளவு என்று கேட்டார். எண்ணைச் சொன்னால் என்ன புரியும். தவிட்டை உறிஞ்சும், நொய்யை உறிஞ்சும், முழு அரிசியை உறிஞ்சும், நெல்லைக் கொட்டினால் பாதியில் இருமும் என்றேன். அங்கேயே இன்னொன்று தன் மகளுக்கு என்று சொல்லி வாங்கினார்.

இவ்வளவு பெருமையையும் சொல்வது எதற்கென்றால், அதே கெட்டிக்காரத்தனம் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோவில் மதிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு வீடு. வைஷ்ணவக் குடும்பம். மாமா பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து காலமானவர். மாமி, அவர் மகன், மருமகள், மூன்று பேர்தான். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர், விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ரோபோவை வாங்கியது மகன். வேலைக்காரி நின்றுபோய் ஒரு வருஷமாகிவிட்டது, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து குனிய முடிவதில்லை, பெருக்குவது துடைப்பது எல்லாம் மனைவியின் தலையில் விழுந்துவிட்டது, மீட்டிங்குக்கு நடுவில் எழுந்து போய்த் துடைக்கிறாள், பாவம் என்று கடையில் என்னிடமே சொன்னார். மனைவிக்காக இவ்வளவு யோசிக்கிறாரே என்று எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

போன அன்று மாமி என்னை வாய் நிறைய வரவேற்றார். காபி கொடுத்தார். மருமகள் வைஃபை பாஸ்வேர்டு சொல்லி உதவினாள். என்னைவிடச் சின்னவள், முப்பதைத் தொட்டிருக்கமாட்டாள். நான் செய்வதற்கு முன்பே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் என்னைச் சொல்லவிட்டாள். மெஷின் வீடு முழுக்க ஒரு சுற்று ஓடிவந்து போனில் வீட்டின் படத்தை வரைந்து காட்டியது. கூடம், இரண்டு அறை, மாமி தளிகை உள் என்று சொல்லும் சமையலறை, பெருமாள் உள் என்று சொல்லும் பூஜையறை, பின்கட்டில் ஒரு சின்ன அறை. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, நம்மாத்தை யாரோ கூரையைப் பிரிச்சுப் பாக்கற மாதிரின்னா இருக்கு என்று ஆச்சரியப்பட்டார்.

பிறகுதான் அவருடைய கவலை வெளியே வந்தது. குளியலறை வாசலைத் துடைத்த அதே துணியோடு இது பெருமாள் உள்ளுக்குள் போய்விடாதா என்று கேட்டார். போகாது மாமி, இங்கே கோடு போட்டுவிட்டால் அதைத் தாண்டாது என்று போனில் சிவப்பாக ஒரு கட்டம் போட்டுக் காட்டினேன். மாமி போனைப் பார்த்தார். எழுந்து போய் பெருமாள் உள் வாசலில் நின்று தரையைப் பார்த்தார். கோடு எங்கே என்று கேட்டார்.

தரையில் இருக்காது, மெஷினின் நினைவில் இருக்கும் என்றேன். கண்ணுக்குத் தெரியாத சுவர் மாதிரி என்றேன். தெரியாத சுவரில் எப்படி மோதும் என்றார். நியாயமான கேள்விதான். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அவர் முகத்தில் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. என் முன்னால் ஒருவருக்குப் புரியாமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அப்போது வாயில் வந்ததுதான் அது.

"மாமி, அந்த மூணு நாள்ல நாம எங்க போலாம், எங்க போகக்கூடாதுன்னு தரையில கோடு போட்டா வெச்சிருக்காங்க? சாமி ரூமாண்ட போனா கால் தானா நிக்குது இல்ல? அந்த மாதிரிதான். இதுக்கும் சொல்லி வெச்சிட்டா நின்னுடும்."

மாமி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். பேஷ், இப்பப் புரிஞ்சது என்றார். மெஷினை ஓடவிட்டேன். அது கூடத்தைத் தாண்டி பெருமாள் உள் வாசலுக்குப் போனது, நின்றது, திரும்பியது. நன்னா வளத்திருக்கா என்று மாமி மறுபடி சிரித்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சிரிப்பில் மருமகள் கலந்துகொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். மாமிக்குக் கேட்காத தூரத்தில் வண்டியருகே நின்று, வேறு ஏதாவது உதாரணம் சொல்லியிருக்கலாம் நீங்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாதாமாதம் மூன்று நாள் பின்கட்டு அறையில்தான் இருக்க வேண்டும். தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனி. சண்டை போட்டுப் பார்த்தாளாம். அழுதும் பார்த்தாளாம். கணவரைப் பேசச் சொன்னாளாம், அவர் இரண்டு பக்கமும் தலையாட்டினாராம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாமிக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. வேலைக்காரியும் நின்றாள். அந்த மூன்று நாளும் வீட்டைப் பெருக்க ஆளில்லை. முதல் மாதம் மாமி நான்காம் நாளுக்காகக் காத்திருந்தார். அடுத்த மாதம், கூடத்தை மட்டும் பெருக்கிடேன் என்றார். அதற்கடுத்த மாதம் ஒதுங்கி இரு என்றுகூடச் சொல்லவில்லை. அப்படியே மறைந்துபோயிற்று.

"விட்டுட்டோம்னு யாரும் சொல்லல. விட்டுப்போச்சு, அவ்வளவுதான். அதைப் பத்தி யாரும் பேசாம இருந்தாலே போதும்னு இருந்தேன்" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் உண்மையைச் சொன்னால், அது வருத்தம் இல்லை, எரிச்சல். நான் ஒரு மெஷினைப் பற்றிச் சொன்னேன், இவள் ஏன் தன்மேல் இழுத்துக்கொள்கிறாள் என்றுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழுகிறதாம். எனக்குக் கல்யாணமாகிவிட்டாலும், அந்த நாட்களில் நான் தறிப் பக்கம் போனால், பாவு நூலைத் தொட்டுடாதே என்று அம்மா இன்றைக்கும் குரல் கொடுப்பாள். நான் என்ன அதற்காக அழுதுகொண்டா இருக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க மேடம் என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அதோடு விட்டேனா. இல்லை. அந்த உதாரணம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. அடுத்தடுத்துப் போன வீடுகளில், பெரிய பெண்மணிகள் இருந்தால், அதையே எடுத்துவிட்டேன். தாமல் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டில், ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு தடவை சொன்னால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். ஏன் எல்லாருக்கும் புரிகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து மாமி கடைக்கு போன் செய்து, அந்தப் புரியறாப்பல சொல்ற பொண்ணை அனுப்புங்கோ என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டினார். பையன்கள் முகம் போன போக்கைப் பார்த்து ரசித்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

அன்று எனக்கு இரண்டாம் நாள். காலையில் அடிவயிற்று வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வந்திருந்தேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா. ஆனால் கடையிலிருந்து வரும் ஆளிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரிடம் நட்சத்திரம் கேட்பார்களா என்ன. நானும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. அப்படிச் சொன்னால் மாதத்தில் எத்தனை வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும். உள்ளே போனேன். மாமி கூடத்து நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். காபி கொடுத்தார்.

மருமகள் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் பார்த்துவிட்டேன். கூடத்திலிருந்து நேராகப் பின்கட்டு தெரியும். அந்தச் சின்ன அறையின் வாசல் திறந்திருந்தது. பாய் விரித்து, ஒரு ஸ்டூலின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியோரம் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டும் டம்ளரும் இருந்தன. என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தாள்.

மாமிக்கு ஒளிவுமறைவு எதுவும் இல்லை. குழந்தை மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். மெஷின் வந்ததிலிருந்து வீடு கண்ணாடியாக இருக்கிறது. இனி யாரும் குனிய வேண்டாம். நடுவில் ஒரு வருஷம் ஆள் இல்லாத கொடுமையில் ஆத்து வழக்கமெல்லாம் தப்பிப்போயிற்று, பெருமாளிடம் அபசாரத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீ அன்னைக்குச் சொன்னதும்தான் சுரீர் என்றது, மெஷினே ஒழுங்காக நிற்கிறது, நாம் நிற்க வேண்டாமா என்றார். மருமகளையும் குறை சொல்லவில்லை. அவளும் ஒண்ணும் சொல்லலை, பாவம், தங்கமான பொண்ணு, மூணு நாள் ரெஸ்ட்டு தானே என்றார்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். இந்த வீட்டில் அவளை வெளியே வைத்திருந்த கதவு ஒரு வருஷம் திறந்து கிடந்தது. திறந்து வைத்தவர் யாரும் இல்லை, வேலை திறந்து வைத்திருந்தது. அவள் கை தேவைப்பட்டது, அதனால் அவளைக் கூடத்தில் விட்டார்கள். அந்த வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டு, அதை எப்படி நிறுத்துவது என்று விளக்கப்போய், இவளை எங்கே நிறுத்துவது என்பதையும் நானே ஞாபகப்படுத்திவிட்டுப் போயிருக்கிறேன்.  எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது.

மாமிக்கு இப்போது ஒரு சிக்கல். அந்த மூன்று நாளும் மெஷின் பின்கட்டு அறைக்குள் போய்விட்டு அதே துணியோடு கூடத்துக்கு வந்தால் தீட்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் மகன் ஆபீஸிலிருந்தே போனில் அந்த அறைக்குச் சிவப்புக் கட்டம் போடுகிறார். பிறகு எடுக்க மறந்துவிடுகிறார். மற்ற நாட்களிலும் அந்த அறை பெருக்கப்படாமலே கிடக்கிறது. ஒரே ஒரு பட்டன், இந்த நாளுக்கு இது, மற்ற நாளுக்கு அது என்று நானே அமுக்கிக்கொள்கிற மாதிரி வைத்துக் கொடுத்துவிடேன் என்று போனை என் கையில் கொடுத்தார்.

முடியும். வேறு வேறு மாடிக்கு என்று தனித்தனிப் படங்களை வைத்துக்கொள்ள அந்த மெஷினில் வழி இருக்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மாமி கேட்டது கிடைத்துவிடும். எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் நான், அது முடியாது மாமி, ஒரு வீட்டுக்கு ஒரு படம்தான் வைக்க முடியும் என்றேன்.

இந்த வேலைக்கு வந்து, மெஷினைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. ஒரு கணக்கோடுதான் சொன்னேன். மெஷின் தோதுப்படவில்லை என்றால் பழையபடி மாமியின் முட்டி வலியே அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளும், இரண்டு மாதத்தில் எல்லாம் தானாக மறந்துபோகும் என்று நினைத்தேன். நான் கெடுத்ததை நானே சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டதாக ஒரு அற்ப நிம்மதிகூட வந்தது.

மாமியின் முகம் வாடியது. போகட்டும், அந்த மூணு நாள் மெஷினே வேண்டாம், நானே பெருக்கிக்கறேன் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, எப்படியும் பழகிக்கத்தானே வேணும் என்று நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்து எழுந்து, மூலையில் இருந்த துடைப்பத்துக்காகக் குனிந்தார். பாதியில் அப்படியே நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டார். வலி அவர் வாயைத் திறக்கவிடவில்லை.

"முடியும்மா" என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையின் வாசலில் வந்து நின்றிருந்தாள். நிலைப்படிக்கு உள்ளேதான் நின்றாள். "ரெண்டு மேப் வெச்சுக்கலாம். அவங்களுக்கு மறந்திருக்கும். நீங்க உக்காருங்கோ."

என்னைப் பார்த்து அவள் இதைச் சொல்லவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மாமியைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தேன். ஆமாம், மறந்துவிட்டேன் என்று வழிந்தேன். எப்படிச் செய்வது என்று அவளே அங்கிருந்து சொன்னாள். மாமியின் போனை அவள் தொடக்கூடாது, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். கதவை நான் சாத்திக்கொள்கிறேன், மெஷினைப் புதிதாக ஒரு சுற்று ஓடவிடுங்கள், மூடிய கதவைச் சுவர் என்று எடுத்துக்கொள்ளும் என்றாள். நான் எத்தனையோ வீடுகளில் விளக்கியதைவிட எளிமையாகச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெஷின் ஓடியது. கூடம், இரண்டு அறை, தளிகை உள் என்று ஒவ்வொன்றாகப் போனில் வரைந்துகொண்டே வந்தது. பின்கட்டுக்குப் போய், மூடிய கதவின்மேல் வெளிச்சத்தை விட்டுப் பார்த்து, அங்கே நேராக ஒரு கோட்டை இழுத்துவிட்டுத் திரும்பியது. புதுப் படத்தில் அந்த அறையே இல்லை. அதுவரை சிவப்புக் கட்டத்துக்குள்ளாவது இருந்தது. மாமி எட்டிப் பார்த்து, இது இன்னும் சுலபம் என்றார்.

படத்தைச் சேமிக்க ஒரு பெயர் கொடு என்று போன் கேட்டது. வீடு ஒன்று, வீடு இரண்டு என்று வைக்கலாமா என்றேன். எது ஒன்று எது இரண்டு என்று எனக்கு மறந்துவிடுமே என்று மாமி கவலைப்பட்டார். அதற்குள் கதவு திறந்தது.

"என் பேரை வைங்க. அம்மாக்குக் குழப்பம் வராது" என்றாள்.

மாமிக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. நான் அடித்தேன். தமிழில் அடித்தால்தான் மாமிக்குப் படிக்க வரும் என்று எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன். அவள் இல்லாத வீட்டின் படத்துக்கு அவள் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அன்று ஒருமுறை எழுதியது போதும். மாமி தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். மெஷின் கிளம்பியது. சமத்து என்று என் கன்னத்தைத் தொட்டு, இரு, வெறுங்கையோடு போகக்கூடாது, குங்குமம் எடுத்துண்டு வரேன் என்று மெல்ல எழுந்து பெருமாள் உள்ளுக்குப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம். நடுவில் கூடம் இருந்தது. நான் பின்கட்டுவரை போய், எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை மேடம், நல்லதுக்குத்தான் முடியாது என்று சொன்னேன் என்றேன். தெரிந்தது என்றாள்.

"அவங்களுக்குக் கால் வலிச்சாத்தான் நான் கூடத்துக்கு வரலாம்னா, அது வேண்டாங்க" என்றாள்.

அதற்கு மேல் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே போக எனக்கு மனம் வரவில்லை. அவள் பக்கம்தான் நானும் என்று எப்படியாவது காட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. குரலைத் தாழ்த்தி, எனக்கும் இன்றைக்கு இரண்டாம் நாள்தான் என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். நான் வந்த வழியை, நான் உட்கார்ந்த நாற்காலியை, காபி குடித்து வைத்த டம்ளரைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து மாமிக்குத் தெரியாமல் சிரித்துக்கொள்ளலாம், அதோடு என் மனசும் ஆறிவிடும் என்று எதிர்பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது.

"இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க" என்றாள். "அம்மா வருவாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

மாமி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் சுவர். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு வாழைப்பழம், குங்குமச் சிமிழ். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். மாமி, நானும் அப்படித்தான், இந்த வீடு முழுக்க நடந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை பாருங்கள். எவ்வளவு எளிமையான விளக்கம். நான் இதுவரை கொடுத்த எந்த விளக்கமும் இவ்வளவு சுலபமாக யாருக்கும் புரிந்திருக்காது. மாமி முகம் சுளித்திருப்பார், வீட்டைக் கழுவிவிட்டிருப்பார், கடைக்கு போன் போட்டிருப்பார். எனக்கு வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அந்த ஒரு நிமிஷம் அவள் தனியாக நின்றிருக்க மாட்டாள்.

நான் கூடத்துக்குத் திரும்பி வந்தேன், மாமி தட்டை நீட்டினார். வாய்வரை வந்தது. பின்கட்டு அறை வாசலில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். மெஷின் எங்கள் காலருகே வந்து, ஒதுங்கி, தன் பாட்டுக்குக் கூடத்தைத் துடைத்துக்கொண்டு போனது.

நான் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

"தாலியிலேயும் வெச்சுக்கோம்மா" என்றார் மாமி.

வைத்துக்கொண்டேன்.